வேலைத்தலத்தில் கதிரை மசாஜ்: வன்னியில் தொடங்குவோர் தெரிந்திருக்க வேண்டியவை

தையல் மெசினுக்கு முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் நோவது மூன்று இடங்கள்: பிடரிக்கும் தோளுக்கும் நடுவில், தோட்பட்டை எலும்பின் உள்விளிம்பில், நாரியில். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கணினிக்கு முன்னால் இருப்பவருக்கும் அதே மூன்றுதான். கத்தரிக்கோல் பிடிப்பவருக்கு முன்கையும் சேர்ந்துகொள்ளும். முகமாலைப் பக்கம் முழங்காலில் நின்று கண்ணிவெடி தேடுபவருக்கு நாரியும் மணிக்கட்டும். இந்த இடங்களுக்கு, உடுத்த உடுப்போடு, எண்ணெய் இல்லாமல், வேலைத்தலத்திலேயே பத்துப் பதினைந்து நிமிடம் கைவைத்துக் கொடுப்பது கதிரை மசாஜ். பெறுபவர் அதற்கான கதிரையில் நெஞ்சையும் முகத்தையும் மெத்தைகளில் முன்னுக்குச் சாய்த்து இருப்பார்.

இது எங்களுக்கு முழுக்கப் புதியதல்ல. சித்த மருத்துவம் தொக்கணம் என்று ஒன்பது வகை சொல்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். கதிரைக்கு அவற்றில் அழுத்தல், பிடித்தல், அசைத்தல், மெல்லிய தட்டல் ஆகிய நாலும் போதும். முறுக்கலையும் இழுத்தலையும் வைத்தியரிடம் விட்டுவிடுங்கள். சலூனில் முடிவெட்டி முடிந்ததும் கழுத்தைத் திருப்பி நெட்டி முறிப்பார்களே, அதை இங்கே ஒருவர் கேட்டாலும் செய்யக்கூடாது. முள்ளந்தண்டு எலும்புகளுக்குள்ளால் மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அந்தச் சடுதியான திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வரலாம்.

என்ன பயன், எதற்குப் பயனில்லை

ஒரே நிலையில் நெடுநேரம் இறுகியிருக்கும் தசைக்குள் இரத்தவோட்டம் குறைகிறது. தசை விறைக்கிறது, நோகிறது. அழுத்தி விடும்போது அந்த இறுக்கம் தளர்கிறது, மூச்சு ஆறுதலாகிறது, பதற்றம் இறங்குகிறது. மயாமி பல்கலைக்கழகத்தின் தொடுகை ஆய்வு நிலையத்தார் 1996இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கிழமைக்கு இரண்டு தடவை 15 நிமிடம் என்று ஐந்து கிழமை கதிரை மசாஜ் பெற்றவர்களுக்குப் பதற்றம் குறைந்தது; கணக்குகளையும் முன்னையதைவிட விரைவாக, பிழை குறைவாகச் செய்தார்கள். மசாஜ் பெற்றவர்கள் 26 பேர்தான், ஆகவே அதைப் பெரிதாக்கிச் சொல்லி விளம்பரம் செய்யாதீர்கள். ஆனாலும் நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்ல நல்ல சான்று: மசாஜ் முடிந்தவர் தூங்கி வழியாமல் தெளிவோடு மெசினுக்குத் திரும்பலாம்.

‘உடம்பில் இருக்கும் நஞ்சை வெளியேற்றும்’, ‘பிறஷரை மாற்றும்’ என்ற பேச்சு வேண்டாம். தண்ணீர் குடிக்கச் சொல்வது வெயிலுக்காக, நஞ்சுக்காக அல்ல. இன்னொன்றையும் நிர்வாகத்திடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். கதிரையின் உயரமும் மெசின் மேசையின் உயரமும் பொருந்தாவிட்டால் இன்று தளர்ந்த தோள் நாளைக்குத் திரும்ப இறுகும். முழங்கை மேசை மட்டத்துக்கு வருகிறதா, பாதம் நிலத்தில் முழுதாகப் படுகிறதா, துணியில் வெளிச்சம் விழுகிறதா என்று பார்த்துத் திருத்தாமல் மசாஜுக்கு மட்டும் காசு செலவழிப்பது வீண்.

கைவைக்க முதல் கேட்க வேண்டியது

வெளிநாட்டுப் படிவங்களை அப்படியே கொண்டுவந்து பயன்படுத்துபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். வன்னியில் 2009 வரை நடந்த போரின் செல் துண்டும் சன்னமும் இன்னும் உடம்புக்குள் இருக்கிற ஆட்கள் எல்லா வேலைத்தலத்திலும் இருக்கிறார்கள். வெளியில் சின்னத் தழும்புதான் தெரியும். சிலருக்கு அதுவும் தெரியாது. உள்ளே இருக்கும் இரும்பு நரம்புக்கோ குழாய்க்கோ பக்கத்தில் தழும்புத் தசையால் மூடப்பட்டுக் கிடக்கும். அதன்மேல் பெருவிரலை ஊன்றினால் சுற்றியுள்ள தசையை அது கிழிக்கலாம், நரம்பில் அமத்தி மின்னல் மாதிரி நோவைக் கிளப்பலாம். ‘பீஸ்’ (உள்ளே கிடக்கும் துண்டு) இருக்கிற இடத்தைச் சுற்றி நாலு விரல் அகலம் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தில் அதிரும் மெசினும் சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பது, என்ன கேட்பது என்பதைவிட முக்கியம். “எங்க காயப்பட்டனீங்கள்? எப்ப?” என்று கேட்கவே கூடாது. அந்தக் கேள்விக்குப் பின்னால் என்னவெல்லாம் வரும் என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். வேலை போகும் என்ற பயத்தில் பொய் சொல்வார்கள், அல்லது வராமலே விடுவார்கள். பொய் சொன்ன உடம்பில் கைவைப்பதுதான் ஆபத்து. கேட்க வேண்டியது இவ்வளவுதான்: “அக்கா, நான் தொடக்கூடாத இடம், அமத்தக்கூடாத இடம் ஏதும் இருக்கே?” கையால் காட்டச் சொல்லுங்கள். காரணம் எழுதும் நிரலே உங்கள் தாளில் இருக்கக்கூடாது. உடம்பின் பின்பக்கப் படம் ஒன்றை வரைந்து, விலக்க வேண்டிய இடத்தில் வட்டம் போட்டால் போதும். அந்தத் தாள் மசாஜ் செய்பவரிடம் பூட்டில் இருக்க வேண்டும். மனிதவளப் பிரிவுக்குப் போகக்கூடாது. இதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிர்வாகம் சம்மதிக்காவிட்டால் அந்த இடத்தில் தொடங்காமல் விடுவதே நல்லது.

மற்றக் கேள்விகள் எங்கும் கேட்பவைதான். காய்ச்சல் என்றால் அன்றைக்கு இல்லை. மாரி காலத்தில் டெங்கும் எலிக்காய்ச்சலும் இருக்கிற ஊரில் சின்னச் சூட்டையும் பொருட்படுத்த வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வோஃபறின் போன்ற குளிசை எடுப்பவருக்கு ஆழ அழுத்தினால் கண்டிப்போகும். கட்டுப்படாத பிறஷர், அண்மையில் நடந்த சத்திரசிகிச்சை, எலும்பு முறிவு, எலும்புத் தேய்வு, பரவக்கூடிய தோல் நோய், புற்றுநோய்ச் சிகிச்சை இருந்தால் வைத்தியரின் சொல் வேண்டும். நீரிழிவால் கைகால் விறைத்தவருக்கு உங்கள் அழுத்தம் கூடினாலும் தெரியாது. அவர் “நோகேல்லை” என்பதை நம்பாதீர்கள். கர்ப்பிணிகளை நெஞ்சு மெத்தையில் சாய்க்க வேண்டாம். மிட்வைஃபிடம் கேட்டபின், சாதாரணக் கதிரையில் நிமிர்ந்திருக்க, தோளும் கையும் மட்டும்.

நெஞ்சு இறுக்கமும் இடது கைக்குப் பரவும் நோவும் உள்ளவருக்குத் தோளைப் பிடித்துவிடுவது உயிரோடு விளையாடுவது. உடனே 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் எடுங்கள். கால் விறைத்துச் சிறுநீர் அடக்க முடியாமல் போவதாகச் சொல்பவரும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இடமும் கதிரையும்

2 மீற்றருக்கு 2.5 மீற்றர் இடம் போதும். கதிரையைச் சுற்றி நாலு பக்கமும் ஆள் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பூட்டிய அறை கூடாது. ‘மசாஜ்’ என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பேசித் தீர்க்க முடியாது, கண்ணால் பார்த்தால்தான் தீரும். கால் தெரியக்கூடிய உயரத்தில் திரை, திறந்த கதவு, பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண். முதல் நாள் சுப்பர்வைசரையும் வயதில் மூத்த ஒரு பெண்ணையும் எல்லாரும் பார்க்கக் கதிரையில் இருத்துங்கள். ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது திடீரென்று தொடங்கும் சத்தம் முகம் குப்புற இருப்பவரைத் தூக்கிவாரிப் போடும்.

மடிக்கும் மசாஜ் கதிரைகள் பொதுவாக 8 முதல் 10 கிலோ வரும். வாங்கும்போது அது எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். முகத்தாங்கியின் சரிவும் உயரமும் தனித்தனியே மாற்றக்கூடியதா என்றும் பாருங்கள். இரண்டில் ஒன்று அசையாவிட்டால் குட்டையான ஆட்களுக்குக் கழுத்து இழுபடும்.

அதற்குக் காசில்லையென்றால் மேசையும் கைபிடி இல்லாத மரக்கதிரையும் எடுங்கள். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம். முன்னுக்குச் சாயும்போது அதன் கால் விரிந்து சறுக்கும். மேசைமேல் 20 முதல் 25 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தலையணை அடுக்கி, கைகளை மடித்து நெற்றியை அதன்மேல் வைக்கச் சொல்லலாம். இதைவிட நல்லது தச்சரிடம் ஒரு முகத்தாங்கி செய்விப்பது: குதிரை லாட வடிவில் ஒரு பலகை, வெளி அகலம் 30 சென்ரிமீற்றர், நடு இடைவெளி 12 சென்ரிமீற்றர், மேலே 5 சென்ரிமீற்றர் ஸ்பொஞ்ச், றெக்சீன் உறை, மேசையில் நிற்க 30 பாகைச் சரிவுச் சட்டம். லாடத்தின் வாய் நாடிப் பக்கம் இருக்க வேண்டும். பாரம் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழ வேண்டும், கண்ணில் அல்ல. நாடி நெஞ்சை நோக்கிச் சற்றே தாழ்ந்திருந்தால் பிடரி சரியாக விரியும். நாடி முன்னுக்கு நீட்டியபடி இருந்தால் பிடரி மடிந்து, நீங்கள் எவ்வளவு அமத்தினாலும் இளகாது.

முகத்தாங்கிக்கு ஆளுக்கொரு பருத்தித் துணி. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து வரும் ஊரில் றெக்சீனை மட்டும் துடைப்பது காணாது. எண்ணெயும் பேனும் அடுத்தவருக்குப் போகும். 12 பேருக்கு 15 துணி, சவர்க்காரத் தண்ணீர், கிருமிநீக்கித் திரவம், இரண்டு துவாய், நேரம் பார்க்கச் சுவர்க் கடிகாரம். ஒலிக்கும் அலாரம் வேண்டாம்.

கதிரையில் இருத்துவது

கண்ணாடி, தொங்கும் தோடு, கழுத்தில் மாட்டிய அடையாள அட்டை கழற்ற வேண்டும். தாலிக்கொடியைக் கழற்றச் சொல்லாதீர்கள். உடுப்புக்குள் முன்பக்கமாக விட்டுக்கொள்ளச் சொன்னால் போதும். கொண்டையை மேலே தூக்கிக் கட்டலாம். முக்காடு போட்டவருக்குத் துணிக்கு மேலாலேயே செய்யலாம், ஒரு குறையும் வராது. செயற்கைக்கால் போட்டவருக்கு மசாஜ் கதிரையின் முழங்கால் மெத்தை பாரத்தைத் தவறான இடத்தில் ஏற்றும். அவரைச் சாதாரணக் கதிரையில் மேசைப் பக்கம் இருத்துங்கள். செல் சத்தத்தில் ஒரு காது போனவர்கள் இருக்கிறார்கள். முகம் குப்புற இருக்கும்போது உங்கள் வாயசைவைப் பார்க்க முடியாது என்பதால், “நிறுத்து” என்பதற்கு அவர் கையை உயர்த்துவது, “எழும்பலாம்” என்பதற்கு நீங்கள் முழங்கையில் இரண்டு தரம் தொடுவது என்று முதலே பேசிக்கொள்ளுங்கள்.

முகம் புதைத்து இருப்பவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. சிலருக்கு அந்த நிலையே பெரும் பயம். ஆகையால் பக்கத்தால் வந்து, பெயர் சொல்லி, “இப்ப தோள்ல கை வைக்கிறன்” என்று சொல்லிவிட்டு வையுங்கள். இடம் மாறும்போதும் ஒரு கை உடம்பில் இருக்கட்டும். தலையை ஒருபோதும் கீழே அமத்தாதீர்கள்.

15 நிமிடம்

முதல் நிமிடம் இரண்டு உள்ளங்கையும் தோளில் ஓய்வாகக் கிடக்கட்டும். அவர் மூன்று மூச்சு விடும்வரை ஒன்றும் செய்யாதீர்கள்.

அடுத்த நாலு நிமிடம் முதுகு. முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும், எலும்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மேலிருந்து நாரிவரை அழுத்திக்கொண்டு இறங்குங்கள். எலும்பின் மேல் அழுத்தம் விழக்கூடாது. ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து, கையை நேராக்கி, உடம்பின் பாரத்தைச் சாய்த்துக் கொடுக்க வேண்டும். கைப்பலத்தால் தள்ளினால் அவருக்கும் இதமில்லை, உங்கள் தோளும் போய்விடும். ஒரு தரம் இறங்கியபின் அதே கோட்டில் பெருவிரலால் ஐந்தாறு இடத்தில், ஒவ்வொன்றிலும் 5 செக்கன். அழுத்துவது அவர் மூச்சை விடும்போது, எடுப்பது அவர் மூச்சை இழுக்கும்போது. விலா முடியும் இடத்துக்குக் கீழே சிறுநீரகப் பக்கம் குத்தவோ தட்டவோ கூடாது.

தோளுக்கு நாலு நிமிடம். மெசினில் இருப்பவர்களுக்கு உண்மையான வேலை இங்கேதான், அவசரப்படாதீர்கள். முன்கையின் தசைப் பகுதியை அவரது தோளின் மேற்பரப்பில் படியவைத்து, கழுத்தடியிலிருந்து தோள்மூட்டு நோக்கி மூன்று இடத்தில் அழுத்துங்கள். முழங்கையின் கூரால் அல்ல. பின்னர் அந்தத் தசையை உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் நடுவில் பிடித்துத் தூக்கிப் பிசையலாம். கிள்ளுவதுபோல் பிடித்தால் தோல்தான் நோகும், தசைக்கு ஒன்றும் போய்ச் சேராது. அடுத்தது தோட்பட்டை எலும்பின் உள்விளிம்பு. அங்கே கடலைபோல் ஒரு முடிச்சு அகப்படும். அதை உடைக்க நினைக்காதீர்கள். மேலே பெருவிரலை வைத்து 8 முதல் 10 செக்கன் காத்திருங்கள். இளகத் தொடங்கினால் விரலுக்குத் தெரியும். இளகாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்த் திரும்ப வாருங்கள். அதே இடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் மல்லுக்கட்டினால் அடுத்த நாள் அவர் கையைத் தூக்க முடியாமல் வந்து நிற்பார்.

எவ்வளவு அழுத்தம் என்பதற்கு 10க்கு 5 அல்லது 6. “காணுமே, இன்னும் கொஞ்சம் அமத்தட்டே?” என்று கேளுங்கள். ஆனால் வேலைத்தலத்தில் பலர் மரியாதைக்காக “பரவாயில்லை” என்பார்கள். மூச்சை அடக்குகிறாரா, தோள் காதை நோக்கி உயர்கிறதா, கைவிரல் மடங்குகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று தெரிந்தாலும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

கழுத்துக்கு இரண்டு நிமிடம். ஒரு கையை நெற்றிப் பக்கம் தாங்கலாகக் கொடுத்து, மற்றக் கையால் பிடரியை மெல்லப் பிடித்துப் பிடித்து விடுங்கள். மண்டையோட்டின் அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் பள்ளத்தில் பெருவிரலை வைத்து மேல்நோக்கி 5 செக்கன், மூன்று தரம். கழுத்தின் முன்பக்கமும் தாடைக்குக் கீழ்ப் பக்கவாட்டும் தொடக்கூடாத இடங்கள். அங்கே பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது, அமத்தினால் பிறஷர் சட்டென்று இறங்கி மயக்கம் வரும்.

கைக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடம். மேற்கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, முன்கையின் வெளிப்பக்கத்தில், முழங்கைக்கு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். கத்தரிக்கோலும் கணினி மவுசும் வேலை வாங்கும் தசை அது. உள்ளங்கையைப் பெருவிரலால் விரித்துவிடலாம். விரலை மெல்லப் பிடித்து வழித்துவிடுங்கள், சொடக்கு எடுக்காதீர்கள்.

கடைசி நிமிடம் தோளிலிருந்து நாரிவரை உள்ளங்கையால் நீவி முடிப்பது. குழித்த கையால் தட்டுவதென்றால் முதலே சொல்லிக் கேளுங்கள். முதுகில் திடீரென்று விழும் தட்டல் எல்லாருக்கும் இதமாக இராது.

எழும்புவதில்தான் விபத்து நடக்கிறது. குனிந்திருந்தவர் சட்டென்று எழும்பினால் தலை சுற்றும். விடிய ஐந்து மணிக்கு பஸ் பிடிக்க வெறும் தேத்தண்ணியோடு வந்த பெண்ணுக்கு இது கூடுதலாக நடக்கும். ஆகவே இருத்தும்போதே “காலமை சாப்பிட்டனீங்களே?” என்று கேளுங்கள். முடிந்ததும் அரை நிமிடம் நிமிர்ந்து இருக்கட்டும், பாதத்தை நிலத்தில் ஊன்றட்டும், தண்ணீர் குடித்தபின் எழும்பட்டும். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மயங்கினால் நிலத்தில் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்.

அட்டவணை

15 நிமிட மசாஜுக்கு, துணி மாற்றவும் கைகழுவவும் 5 நிமிடம் சேர்த்தால் மணித்தியாலத்துக்கு மூன்று பேர். ஒருவர் ஒரு நாளில் நாலு மணித்தியாலம் தரமாகச் செய்யலாம்: 12 பேர். 60 பேர் உள்ள லைன் (தையல் மெசின் வரிசை) ஒன்றுக்குக் கிழமையில் ஒரு நாள் மட்டும் வந்தால் ஒருவரது முறை ஐந்து கிழமைக்கு ஒருதரம்தான் வரும். அதில் பயனே இல்லை. மசாஜை 10 நிமிடமாக்கினால் மணித்தியாலத்துக்கு நாலு பேர், நாளுக்கு 16. கிழமைக்கு இரண்டு நாள் வந்தால் இரண்டு கிழமையில் 64. முழு லைனுக்கும் இரண்டு கிழமைக்கு ஒருதரம் கிடைக்கும். 10 நிமிடத்தில் எல்லாவற்றையும் திணிக்காமல் தோள், தோட்பட்டை, அவர் சொல்லும் இன்னோரிடம் என்று நிறுத்துங்கள்.

லைனில் ஒருவர் எழும்பினால் அவருக்கு முன்னால் துணி குவியும், பின்னால் இருப்பவர் சும்மா இருப்பார். எல்லா மெசினும் ஓட்டத் தெரிந்த ஒரு பதில் ஆளை அந்த நாலு மணித்தியாலத்துக்கும் விட வேண்டும், போன நிமிடங்களை டார்கெட்டில் கழிக்க வேண்டும். இதைச் செய்யாத இடங்களில் ஆட்கள் கதிரையில் இருந்துகொண்டே மெசினைத் திரும்பிப் பார்ப்பார்கள்; தோள் இளகாது. தேத்தண்ணி நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் எடுக்கக்கூடாது, அது அவர்களுடைய நேரம். சித்திரை தொடக்கம் ஆவணி வரை தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் இரண்டு மணிக்குச் செய்வது வீண் முயற்சி. காலை ஒன்பதரைக்குத் தொடங்குங்கள்.

மசாஜ் செய்பவரின் பெருவிரல் மூட்டும் ஒரு உடம்புதான். ஒவ்வொரு மணித்தியால வேலைக்குப் பிறகும், மேலே சொன்ன நாலு மணித்தியாலத்துக்குப் புறம்பாக, 10 நிமிடம் ஓய்வு வேண்டும். தென்கொரியாவில் மசாஜ் தொழில் உரிமம் பார்வையற்றவர்களுக்கே என்று சட்டம் இருக்கிறது. அங்கே அரசமைப்பு நீதிமன்றம் 2008இல் அதை உறுதிசெய்தது. போரில் கண்ணை இழந்தவர்கள் வாழும் வன்னியில், பயிற்சிக்கு ஆள் தேடும்போது முதலில் தட்ட வேண்டிய கதவு அவர்களுடையது.

போரின் கடைசி நாட்களை நினைவுகூரும் மே மாதத்தில் அட்டவணையை இளக்கமாக வையுங்கள். அந்த நாட்களில் தோளில் கை பட்டதும் சிலருக்கு அழுகை வரும். கையை மெல்ல எடுத்து, பக்கத்தில் இருந்து, தண்ணீர் கொடுங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், அழாதே என்றும் சொல்லாதீர்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 1926 என்ற மனநல உதவி இலக்கமும் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவும் இருக்கின்றன.

கதிரையில் ஏறவே மாட்டேன் என்பவரும் இருப்பார். அவரைச் சாதாரணக் கதிரையில், சுவரில் முதுகு படும்படி, கதவைப் பார்க்க இருத்துங்கள். நீங்கள் முன்னால் இருந்து முன்கையும் உள்ளங்கையும் மட்டும் 5 நிமிடம் பிடித்துவிடுங்கள். அடுத்த முறையும் அவ்வளவுதான். தோளைக் காட்டுவதென்றால் அவரே காட்டட்டும்.